உன் பெயரில் நட்ட கன்றுகளைப் பிடுங்கினேன்

என் செல்லத் தங்கை பூங்கொடிக்கு,

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதி எங்கே அனுப்புவது என்று இருந்துவிட்டேன். இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. வரையாட்டு மேட்டில் நடந்ததை ஆளுக்கொரு விதமாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது எப்படியோ உன் காதுக்கு எட்டிவிடும் என்று ஒரு பயம். சிரிக்காதே. நீ இருந்தபோதும் உனக்குத் தெரியாமல் இந்த வீட்டில் எதுவும் நடந்ததில்லை.

உன் பெயரில் நானூறு கன்று நட்டார்கள், கொடி. முதல் கன்றை நட்டவன் நான். ஐந்து வாரம் கழித்து அத்தனையையும் பிடுங்கியவனும் நான்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்.

நம் வீட்டில் நீதான் அதிகம் படித்தவள். நான் பத்தாவதோடு நின்று, மங்கலம் ரோட்டில் எட்டு நிட்டிங் மெஷின் போட்டு, எக்ஸ்போர்ட் கம்பெனிகள் அனுப்பும் நூலைத் துணியாக ஓட்டிக் கொடுக்கிறவன். நீ மரங்களின் மரபணுவைப் படிக்க ஐரோப்பா வரைக்கும் போனாய். மரத்துக்கு மரபணு பார்த்து என்ன ஆகப்போகிறது என்று சொந்தக்காரர்கள் கேட்டபோதெல்லாம் நான் பதில் தெரியாமல் சிரித்துச் சமாளித்திருக்கிறேன். உள்ளுக்குள் எனக்கும் அதே கேள்விதான்.

ஒருமுறை லீவில் வந்தவள் மெஷினருகே வந்து ஒரு நூல் கோனைக் கையில் எடுத்தாய்.

"இது என்ன நூலுங்கண்ணா?"

"மோடல், அம்மிணி. உள்ளாடைத் துணிக்கு. தொட்டுப் பாரு, எத்தனை மெதுவா இருக்குது."

"எதுல இருந்து வருதுன்னு தெரியுங்களா?"

"ஏதோ மரக்கூழுன்னு சொல்லுவாங்க."

"ஏதோ மரமில்லீங்கண்ணா. பீச் மரம். அஞ்சு வருசமா நான் இலை பொறுக்கறேனே, அந்த மரந்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணனும் தங்கையும் ஒரே மரத்தில் பிழைத்துக்கொண்டிருந்தோம், எனக்கு அது தெரியாமல். அன்றைக்குத்தான் முதல்முறையாக நீ செய்கிற வேலை என்னவென்று கேட்டேன். மெஷின் சத்தத்தில் கத்திக் கத்திச் சொன்னாய்.

"ஒரு காலத்துல ஐரோப்பாவுல வடக்க பூராவும் பனிப்பாளமுங்கண்ணா. கடுங்குளிர். மரம் எந்திரிச்சு ஓட முடியுங்களா? நின்ன எடத்துலயே செத்துப்போச்சு. தெக்க, மலை மடிப்புல, துளி ஈரமும் கதகதப்பும் இருந்த எடத்துல நின்னதுக மட்டும் தப்பிச்சுதுக. பனி உருகினதுக்கப்பறம் அதுகளோட விதைதான் மறுபடியும் வடக்க பரவுச்சு."

"அப்பறமென்ன, காடு திரும்ப வந்துருச்சில்ல?"

"காடு வந்துருச்சு. வகை வரலீங்க. தப்பிச்ச எடம் பலது இருந்துச்சு. அதுல ஒண்ணு ரெண்டுதான் அத்தனை தூரம் பரவுச்சு. அதனால வடக்க எத்தனை பெரிய காட்டைப் பார்த்தாலும் கிட்டத்தட்ட ஒரே குடும்பம். தெக்க ஒளிஞ்சிருந்த சின்னச் சின்னக் கூட்டத்துலதான் விதவிதமா இருக்குது. ஒரு நோவு வந்தா, வெயில் கூடிப்போச்சுன்னா, எது தாக்குப்பிடிக்கும்ங்கறது அந்தச் சின்னக் கூட்டத்துக்குள்ளதான் எழுதியிருக்கும்."

பிறகு நீ நம் பக்கத்து மலைகளுக்கே வந்துவிட்டாய். அணையை ஒட்டிய அமராவதி நகர் தாண்டி, மேலே ஏறி, பழைய எஸ்டேட் ஒன்றின் உச்சியில் இருக்கும் வரையாட்டு மேட்டுக்கு வருடாவருடம் போனாய். ஒரு மாசி மாதம் என்னையே வண்டி ஓட்டச் சொன்னாய். புல்வெளி நடுவே, பள்ளத்தில் சோலைக்காடு. அதன் ஓரத்தில் முறுக்கிக்கொண்டு நின்ற கட்டை குட்டையான மரங்கள். உச்சியெல்லாம் சிவப்புப் பூ. காட்டுப் பூவரசு என்றாய்.

"இதோட பங்காளிக இமயமலையில இருக்கறாங்க. நடுவுல இத்தனை பெரிய நாடு கெடக்குது, ஒரு மரங்கூடக் கெடையாது. எப்படி வந்துச்சுன்னு நெனைக்கறீங்க?"

"யாராவது கொண்டாந்து வெச்சிருப்பாங்க."

"அதே குளிர்தானுங்கண்ணா. பூமி குளுந்து கெடந்தப்ப இது கீழ எறங்கி, மலை மலையாத் தாண்டித் தெக்க வந்திருக்கோணும். அப்பறம் சூடாகச் சூடாக மேல ஏறி ஏறி, உச்சியில மாட்டிக்கிச்சு. இதுக்கு மேல ஏற எடமில்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கற கூட்டத்தோடகூடக் கலக்க முடியாம, எத்தனையோ ஆயிரம் வருசமா இங்கயே தனியா நிக்குது."

அறுபத்து மூன்று மரம். ஒவ்வொன்றுக்கும் எண் கட்டினாய். ஒவ்வொன்றிலும் இரண்டு இலை பறித்து, ஜிப் கவரில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு மூடினாய். அந்த சிலிக்கா ஜெல்லை, பேக்கிங் சாமான் விற்கும் ரஹீம் பாய் கடையில் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். பனியன் பெட்டிக்குள் ஈரம் ஏறாமல் இருக்கப் போடுவதை நீ இலைக்குப் போட்டாய். நீலமாக இருக்கிற வரைக்கும் நல்லது, இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் ஏறிவிட்டது என்று பாய் சொன்னதை நீ நோட்டில் எழுதிக்கொண்டாய். உனக்கு அது முன்னமே தெரியும் என்று எனக்குத் தெரியும். அவர் மனம் கோணக்கூடாது என்று எழுதினாய்.

அந்த இலைகளை நீ பார்த்து முடிக்கவில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில், நாற்காலியை விட்டு எழுந்தவள் அப்படியே விழுந்துவிட்டாய் என்றார்கள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். நான் வந்து சேர்ந்தபோது உன் கை குளிர்ந்திருந்தது. உன் பொருள்களோடு அந்த இலைப் பெட்டியும் வீட்டுக்கு வந்தது. அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பேன். சிவந்த ஜெல்லை எடுத்துவிட்டுப் புதிது போடுவேன். உன் அண்ணி ஒன்றும் கேட்கவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான், உனக்குத் தெரியுமே.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

எக்ஸ்போர்ட்டர் நடராஜனை உனக்கு நினைவிருக்கும். என் மெஷின்களில் ஓடுவது பெரும்பாலும் அவர் அனுப்பும் நூல்தான். நீ போன அடுத்த வருடம் அந்தப் பழைய எஸ்டேட்டை அவர் வாங்கினார், வரையாட்டு மேட்டோடு சேர்த்து. இந்தப் பங்குனியில் என்னை ஆபீசுக்கு அழைத்தார். மேசையில் ஒரு பெயர்ப் பலகையின் படம் இருந்தது. 'முனைவர் பூங்கொடி நினைவுப் பூங்காடு.'

"நம்மகிட்ட துணி வாங்கற வெளிநாட்டுப் பையருக, காடு வளர்க்கறீங்களா, மண்ணைப் பாத்துக்கறீங்களான்னு கேக்கறாங்க. ஏதோ ஒண்ணு செய்யோணும். செய்யறதை உங்க தங்கச்சி பேருல செய்வோம்னு எனக்கு மனசுல பட்டுச்சு. அவங்க அந்த மேட்டுலயே கெடந்தவங்க. ரெண்டாயிரம் கன்னு. அவங்க ஆசைப்பட்ட அதே செவப்புப்பூ மரம். என்ன சொல்றீங்க?"

உன் பெயரைப் பலகையில் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. நல்லதுங்க, ரொம்ப நல்லதுங்க என்று மட்டும் சொன்னேன். எழுந்து வாசல் வரைக்கும் வந்த பிறகுதான் கேட்கத் தோன்றியது.

"கன்னு எங்கிருந்துங்க வருது?"

"இமயமலை அடிவாரத்துல ஒரு நர்சரிங்க. நம்ம மலை விதையை எடுத்து மொளைக்க வெச்சு வளர்க்கறதுன்னா எத்தனை வருசமாகும்? அங்க ரெடியா இருக்குது. லாரியே ஏறிருச்சு."

எத்தனையோ ஆயிரம் வருசமாத் தனியா நிக்குது என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? அவர் தருகிற வேலை போய்விடும் என்றா? இல்லை, உன் பெயர் போட்ட பலகை வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்ததா? இதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. இரண்டும்தான்.

கோடை மழைக்குப் பிறகு மேட்டில் விழா வைத்தார்கள். முதல் குழியில் நான் கன்றை வைத்தேன், தண்ணீர் ஊற்றினேன். படம் எடுத்தார்கள். பத்தடி தள்ளி உன் எண் கட்டிய மரம் ஒன்று நின்றது. அதன் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான்கு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் உன் தோழி மீராவின் எண்ணைத் தேடி எடுத்து அழைத்தேன். உன் ஆராய்ச்சிக்கூடத்தில் உன் பக்கத்து மேசைக்காரி, திருநெல்வேலிப் பெண். கன்று வந்த ஊரைச் சொன்னதும் அவள் முதலில் எண்ணிக்கையைக் கேட்டாள்.

"அண்ணே, எத்தன கன்னு வச்சிருக்காவ?"

"நானூறும்மா. மிச்சம் மழைக்கப்பறம் வருதாம்."

"அது பூத்து, பழைய மரத்தோட மகரந்தம் கலக்கதுக்கு வருசக்கணக்காவும். அத அப்புறம் பாத்துக்கிடலாம். இப்ப எனக்குப் பயம் அது இல்ல. நர்சரி மண்ணுதான். அந்த மண்ணோட வேரழுகல் கிருமி வந்திருந்தா, தண்ணியில எறங்கி ஓடும். அந்தப் பழைய மரங்க இந்தக் கிருமிய ஆயுசுக்கும் பாத்திருக்காது. மழைக்கு முன்னால எடுத்துருங்க அண்ணே."

"எடுக்கறதுக்கு ஒரு ஆதாரம் வேணுமேம்மா. நான் படிக்காதவன், என் பேச்சை யார் கேப்பாங்க?"

"பூங்கொடி பறிச்ச எல எங்க இருக்கு?"

"இங்கதான் இருக்குது. காஞ்சபடியே இருக்குது."

அந்தப் பக்கம் அவள் அழுகிற சத்தம் கேட்டது. உடனே அனுப்பச் சொன்னாள். ஆனால் பார்த்துச் சொல்ல மாசக்கணக்கில் ஆகும் என்றாள். தென்மேற்கு மழைக்கு இருந்தது பத்து நாள்.

பெட்டியை அன்றே அனுப்பிவிட்டு நடராஜனிடம் போனேன். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகத்தான் கேட்டார்.

"அதே செடி, அதே பூவு. இதுல என்னங்க கெட்டுப்போச்சு?"

எனக்குத் தெரிந்த மொழியில் சொன்னேன். "ஏனுங்க, ரெண்டு லாட்டு நூலு வருது. ரெண்டும் வெள்ளைதான், ரெண்டும் ஒரே கவுன்ட்டு, ஒரே கனந்தான். பாத்தா வித்தியாசம் தெரியறதில்லை. தெரியாம ஒரே மெஷின்ல ஏத்திட்டா, சாயம் போட்டதுக்கப்பறந்தான் பட்டை பட்டையா விழும். அப்பறம் அந்தத் துணியை என்ன செய்ய முடியுங்க?"

அது அவருக்குப் புரிந்தது. முகத்தில் தெரிந்தது. ஆனாலும் தலையை ஆட்டினார். "பையர் ஆளுக வார மாசம் மேட்டைப் பாக்க வாராங்க. போட்டோ எல்லாம் போயிருச்சு. நோவு இருக்குதுன்னு நிச்சயமாத் தெரியுங்களா?"

"நிச்சயமாத் தெரியாதுங்க."

"அப்பறம் எப்படிங்க? ஒரு போன் பேச்சை நம்பி, உங்க தங்கச்சி பேருல வெச்சதை நீங்களே புடுங்கச் சொல்றீங்களா?"

"அவ இருந்திருந்தா அவளே போயிப் புடுங்கியிருப்பாளுங்க."

அவர் எழுந்துவிட்டார். "போயிட்டு வாங்க செல்வராஜ்" என்றார். நம் ஊரில் அதற்கு மேல் கடுமையாகச் சொல்லத் தேவையில்லை என்று உனக்குத் தெரியும்.

மறுநாள் வர வேண்டிய நூல் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் எட்டு மெஷினில் ஆறு நின்றுவிட்டது. ஓட்டுகிறவர்கள் வாசலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார்கள். பீகாரிலிருந்து வந்து பதினோரு வருடமாக என்னிடம் இருக்கிற மனோஜ் மட்டும் எழுந்து வந்து, "முதலாளி, ஊருக்குப் போகவா, இருக்கவா?" என்று கேட்டான். இரு என்று சொன்னேன். எதை நம்பிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

ஆறாம் நாள் காலை மேட்டிலிருந்து பொன்னன் அழைத்தார். எஸ்டேட்டில் காவலாக இருக்கும் மலைக்காரர். நீ வரும்போதெல்லாம் உன்கூட ஏணி தூக்கிக்கொண்டு நடந்தவர்.

"பூங்கொடியம்மா அண்ணன்காரருங்களா? பொன்னன் பேசறேன். புதுக் கன்னு ஏழெட்டு வாடிக் கெடக்குது. தண்ணி இல்லாம வாடல. மண்ணு ஈரமாத்தான் இருக்குது. அந்தம்மா மரத்துக்கு மேல வரிசையில இருக்கறதுதான் வாடுது. மேக்க மேகம் எறங்குது."

நான் ரஹீம் பாய் கடைக்குப் போனேன். பாய் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அதே கையோடு இறக்கிவிட்டார்.

"அவுரு எடத்துக்குள்ள கேக்காம போறது சரியா, செல்வராஜ்?"

"சரியில்லைங்க பாய்."

"போலீஸ்ல குடுத்தாருன்னா?"

"குடுக்கட்டுங்க."

"அப்ப நாலு சாக்குக் கட்டு எடுத்துக்கலாம். மண்ணோட அள்ளோணுமில்ல" என்று வண்டியில் ஏறினார். உனக்கு சிலிக்கா ஜெல் கொடுத்ததற்கு மேல் அவருக்கு இதில் என்ன இருந்தது, கொடி? நான் கேட்கவில்லை. வழியெல்லாம் உதடு அசைய ஓதிக்கொண்டே வந்தார்.

உடுமலை தாண்டும்போதே காற்றாலைகள் வெறிபிடித்தாற்போல் சுற்றின. மலை ஏற ஏற வானம் இறங்கி வந்தது. மேட்டுக்குப் போனபோது பகல் பதினொரு மணி, வெளிச்சமோ சாயங்காலம் மாதிரி. பொன்னன் வாடிய கன்றுகளைக் காட்டினார். இலை சுருண்டு தொங்கியது. அதற்குக் கீழே, ஓடைக்குப் போகும் சரிவில், உன் மரங்கள் அறுபத்து மூன்றும். மேலே விழுகிற தண்ணீர் அவற்றின் காலடி வழியாகத்தான் போக வேண்டும். இதை நீ இருந்திருந்தால் விழா அன்றைக்கே பார்த்திருப்பாய். நான் படத்துக்கு நின்றுகொண்டிருந்தேன்.

விழாவில் வைத்த முதல் கன்றையே முதலில் பிடுங்கினேன். நானே வைத்த கன்று அது. பொன்னன் தன் வேலை போய்விடும் என்று தெரிந்தும் மண்வெட்டியை எடுத்தார். மண்ணோடு அள்ளி சாக்கில் போட்டோம். நாற்பது, ஐம்பது ஆகியிருக்கும். எஸ்டேட் மேனேஜர் கத்திக்கொண்டே ஓடி வந்தார், படம் எடுத்தார், போன் செய்தார். நாங்கள் நிறுத்தவில்லை. தூறல் ஆரம்பித்தது.

நடராஜன் வந்தபோது நாங்கள் நூறைத் தாண்டியிருந்தோம். கார் கதவைச் சாத்தாமலே இறங்கி வந்தார். அவர் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

"யாருங்க உங்களை உள்ள உட்டது? யாரு எடம்னு நெனைச்சீங்க இது?"

பனிக்காலம், தப்பித்த மரம், கணவாய், எதை எந்த வாயால் சொல்வது? கையிலிருந்த வாடிய கன்றை அவரிடம் நீட்டினேன்.

"வேரைப் பாருங்க."

அவர் வாங்கவில்லை. மழை எங்கள் இருவர் மேலும் விழுந்தது. ரஹீம் பாய் நடுவில் வந்து நின்று, "தம்பி, ஒரே ஒரு தடவை பாத்துருங்க. அப்பறம் எங்களை என்ன வேணாச் செய்யுங்க" என்றார்.

நடராஜன் கன்றை வாங்கினார். வேரை விரலால் உருவினார். தோல் கழன்று கையோடு வந்தது. உள்ளே பழுப்பு. மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவர் அப்பாவுக்கு உடுமலையில் தென்னந்தோப்பு இருந்ததும், வாடல் நோய் வந்து தோப்பு மரம் மரமாகப் போனதும் எனக்குத் தெரியும். அந்தத் தோப்பை வெட்டும்போது அவர் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தார்.

"எங்க அய்யனும் இப்படித்தான் ஒரு நா வேரைக் கொண்டாந்து காட்டுனாரு. நல்ல ரகம்னு ஆசைப்பட்டு வெளியூர்லருந்து கன்னு வாங்கினாரு. அதோடதான் நோவு வந்துச்சுன்னு சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. சரிவுக்குக் கீழே உன் மரங்களைப் பார்த்தார்.

பிறகு மேனேஜரிடம் திரும்பினார். "லைன் வீட்டுல இருக்கற எஸ்டேட் ஆளுக அத்தனை பேரையும் வரச் சொல்லுங்க. தார்ப்பாய் கொண்டாங்க. மொதல்ல மேல ஒரு வாய்க்கா வெட்டித் தண்ணியை அந்தப் பக்கம் திருப்பி உடுங்க." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

மழை கொட்டியது, கொடி. இருபது பேர் இருந்திருப்போம். மண்வெட்டி விழும் சத்தமும் மூச்சு வாங்கும் சத்தமும்தான். மூன்றரை மணிக்குக் கடைசிக் கன்றும் சாக்கில் ஏறியது. எல்லாவற்றையும் லாரியில் கீழே இறக்கி, எஸ்டேட்டின் பழைய சூளைக்குள் மூட்டையோடு போட்டு எரித்தார்கள். எங்கள் செருப்பு, மண்வெட்டி எல்லாவற்றையும் மருந்துத் தண்ணீரில் கழுவ வேண்டும் என்று மீரா போனில் சொல்லச் சொல்லச் செய்தோம். உன் பெயர்ப் பலகையையும் கழற்றினார்கள். என்ன செய்யட்டும் என்று நடராஜன் கேட்டார். எனக்குக் கொடுங்க என்று வாங்கி வந்துவிட்டேன்.

நீ படித்த படிப்பு அவரை அசைத்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அவரை அசைத்தது அழுகிய வேர். அதில் உனக்கு வருத்தமா? மரம் நின்றால் போதும் என்றுதான் நீ சொல்வாய் என்று நினைக்கிறேன்.

ஒரு வாரம் கழித்து நூல் வந்தது. முன்பு வந்த அளவு இல்லை. பையர் ஆட்களிடம் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டாராம். அவர்கள் முகம் கொடுக்கவில்லையாம். என்னோடு பேசும்போது அவரிடம் பழைய கலகலப்பு இல்லை, ஆனால் பேசுகிறார். மனோஜ் ஊருக்குப் போகவில்லை.

போன வாரம் மீரா அழைத்தாள். உன் இலைகள் கெடாமல் இருந்தனவாம். அறுபத்து மூன்றில் அறுபதைப் படிக்க முடிந்ததாம்.

"அண்ணே, நாங்க வச்சிருக்க மத்த மலை மரங்க எதுலயும் இல்லாத வகை ரெண்டு இந்த மேட்டுல இருக்கு. இன்னும் சரிபாக்கணும், இப்பமே வெளிய சொல்லப்பிடாது. ஆனா பூங்கொடி சந்தேகப்பட்டது சரியாத்தான் இருக்கும்போல."

நான் போனை வைத்துவிட்டு மெஷின் நடுவில் நின்றேன். நீ என்னிடம் கத்திக் கத்திச் சொன்ன இடம் அது. அத்தனை குளிரையும் அத்தனை வெயிலையும் தாண்டி வந்த ஒன்றை, ஒரு விழாவில் கைதட்டிக் கொன்றிருப்போமே என்று நினைத்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மனோஜ் நாற்காலி கொண்டுவந்து போட்டான்.

ஒன்றை இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல் முடித்துவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். சரிவின் மேல் ஓரத்தில் நிற்கும் உன் பதினேழாம் எண் மரம் ஒரு கிளையில் இலை உதிர்க்கிறது என்று பொன்னன் சொல்கிறார். காற்றில் முறிந்த கிளையாக இருக்கலாம் என்கிறார். வேறாகவும் இருக்கலாம். மீரா வெள்ளிக்கிழமை வருகிறாள். மண் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். நான் தாமதித்த அந்த நான்கு வாரத்தின் விலை அந்த ஒரு மரமா, அதற்கு மேலுமா? எனக்குத் தெரியவில்லை, கொடி. நீ இருந்தால் உன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பேன்.

மரங்களில் காய் பிடித்திருக்கிறதாம். தை மாதம் வெடிக்கும் என்று பொன்னன் சொன்னார். விதை மூக்குப்பொடி போல இருக்குமாமே? அதைத் துணியில் பிடித்து, அந்த மேட்டிலேயே, அந்த மண்ணிலேயே முளைக்க வைக்க மீரா சொல்லிக் கொடுக்கப்போகிறாள். நடராஜன் இடம் ஒதுக்கிவிட்டார். ஒரு முழம் வளர இத்தனை வருடம் ஆகும் என்று மீரா சொன்ன கணக்கைக் கேட்டு அவர் பெருமூச்சு விட்டார், மறுக்கவில்லை. அவை பூக்கும்போது நான் இருப்பேனா என்பது சந்தேகந்தான்.

இருக்கிற வரைக்கும் ஒன்று செய்வேன். பதினேழாம் மரம் பிழைத்தாலும் பட்டாலும் உன்னிடம் உள்ளதை உள்ளபடி வந்து சொல்வேன். எனக்கு மூச்சு இருக்கும்வரை அந்த மேட்டுக்கு வேற்று மலையின் ஒரு கைப்பிடி மண் ஏறாது. யார் பெயரைச் சொல்லிக் கொண்டுவந்தாலும் சரி, உன் பெயரைச் சொல்லிக் கொண்டுவந்தாலும் சரி, இந்த முறை வாசல் வரைக்கும் போய் நிற்காமல், உட்கார்ந்த இடத்திலேயே 'எங்கிருந்துங்க வருது?' என்று கேட்டுவிடுவேன்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த,
உன் அண்ணன் செல்வராஜ்
மங்கலம்